கோழி கண்டுபிடித்த நகரம்

கதை இப்படித் தொடங்குகிறது. 1963ஆம் வருடம். துருக்கியின் நடுவே, கப்படோக்கியா பகுதியில் டெரின்குயு என்றொரு சிற்றூர். அங்கே ஒருவருடைய கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வீட்டுச் சுவரில் ஒரு விரிசல். அதற்குள் போன கோழி திரும்பி வருவதில்லை. கடுப்பாகிப்போன மனுஷன் கடப்பாரையை எடுத்துச் சுவரை இடிக்கிறார். பின்னால் ஒரு அறை. அறைக்குப் பின்னால் ஒரு சுரங்கப்பாதை. அதற்குக் கீழே ஒரு படிக்கட்டு. அதற்கும் கீழே, எட்டு அடுக்கு ஆழத்துக்கு ஒரு நகரம்.

இதற்கு இன்னொரு வெர்ஷன் உண்டு. அதில் கோழி கிடையாது. வீட்டைப் பெரிதாக்கச் சுவரை இடித்தார், உள்ளே அறை இருந்தது, அவ்வளவுதான். எங்கள் வழிகாட்டி கோழி வெர்ஷனைத்தான் சொன்னார். வேனில் 15 பேர் இருந்தோம். ஒரு கண்டுபிடிப்பை 15 பேருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லவேண்டுமென்றால் எனக்கும் கோழிதான் வசதி.

கப்படோக்கியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்த வேனைத் தெரிந்திருக்கும். அங்கே ஒருநாள் சுற்றுலாக்களுக்கு நிறங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். ரெட் டூர் என்றால் கொரெமே பக்கத்துப் பாறைக் கோவில்களும் கூம்புப் பாறைகளும். கிரீன் டூர் என்றால் தெற்கே ஒரு நிலத்தடி நகரம், இஹ்லாரா பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக ஒரு நடை, ஆற்றங்கரையில் மதியச் சாப்பாடு, செலிமே மடாலயம், புறாப் பள்ளத்தாக்கு, கடைசியில் கண்டிப்பாக ஒரு கல் நகைக் கடை. எந்த ஏஜென்சியில் பதிவு செய்தாலும் ஏறக்குறைய இதே வரிசை, இதே கதைகள், இதே நகைச்சுவைகள். போய்வந்த பிறகு யூட்யூபில் வேறு வேறு வேன்களின் காணொளிகளைப் பார்த்தேன். எங்கள் ஆள் சிரிக்கவைத்த அதே இடத்தில் அவர்களும் சிரிக்கவைக்கிறார்கள். எழுதியவர் பெயர் தெரியாத, தினமும் காலை ஒன்பதரைக்கு மேடையேறுகிற ஒரு வாய்மொழிப் பிரதி இது.

இலக்கிய இதழில் டூர் பேக்கேஜுக்கு விமர்சனமா என்று கேட்கலாம். டெரின்குயுவைப் பற்றி இந்த உலகத்தில் மிக அதிகமானவர்கள் ‘வாசித்த’ பிரதி எது என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தொல்லியல் நூலும் கிடையாது. இந்தக் கிரீன் டூர்தான். அவ்வளவு வாசகர்கள் உள்ள ஒன்றை ஒருமுறையாவது விமர்சனக் கண்ணோடு பார்க்கவேண்டாமா?

முதலில் அந்த இடம். அது பொய் சொல்வதில்லை. டிக்கெட் வாசலிலிருந்து பத்துப் படி இறங்கியதுமே வெயில், சத்தம், செல்போன் சிக்னல் எல்லாம் போய்விடுகின்றன. எர்ஜியஸ், ஹசன் முதலிய எரிமலைகள் லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கக்கிய சாம்பல் இறுகி உண்டான பாறை இது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் மேற்பரப்பு கெட்டியாகிவிடும். வெட்டத் தெரிந்தவனுக்கு இதைவிட நல்ல கட்டுமானப் பொருள் கிடையாது. சிமெண்ட் வேண்டாம், உத்திரம் வேண்டாம். மாட்டுக் கொட்டில் மேல் அடுக்கில். திராட்சை மிதிக்கும் தொட்டி, சமையலறை, சேமிப்பு அறைகள். கீழே சிலுவை வடிவத்தில் ஒரு கோவில். நடுவில் ஐம்பது மீட்டருக்கும் மேலாக ஒரே நேர்க்கோட்டில் இறங்குகிற காற்றுத்துளை. ஊரின் துருக்கியப் பெயருக்கு ‘ஆழக் கிணறு’ என்றுதான் அர்த்தம். சில பாதைகளில் என்னைப்போன்ற ஐந்தே முக்கால் அடிக்காரனே கூன் போட்டு நடக்கவேண்டும். இரண்டுபேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும்.

அந்தக் கதவுகள்தான் எல்லோரையும் நிறுத்திவைக்கின்றன. நம்மூர்த் திருகையின் ஒரு கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கிச் செங்குத்தாக நிறுத்தியதுபோல வட்டக் கல், நடுவில் துளை, எடை அரை டன் வரை. பாதையின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஒதுங்கி நிற்கும். ஆபத்து வந்தால் உள்ளேயிருந்து உருட்டி அடைத்துவிடலாம். வெளியேயிருந்து பிடித்துத் தள்ள வாகே இருக்காது. நடுத்துளை வழியாக வெளியே யார் என்று பார்க்கலாம், ஈட்டியால் குத்தலாம்.

அந்தக் கதவின் முன்னால்தான் அக்கா பேசினார். காலையில் வேனில் ஏறும்போது மகனிடம் “தண்ணிப் போத்தல எடுத்தனியோ” என்று அவர் கேட்டது காதில் விழுந்ததுமே தமிழ் என்று தெரிந்துவிட்டது. டொராண்டோக்காரர்கள். அக்காவின் சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம், 95 இடப்பெயர்வில் பதினாலு வயதில் வெளியேறியவர். வழிகாட்டி நின்றுகொண்டு, “இருபதாயிரம் பேர் இங்கே மூன்று மாதம், ஆறு மாதம்கூட ஒளிந்திருப்பார்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பி, “தம்பி, ஆறு மாசம் எண்டு சொல்றார். ஆறு மணித்தியாலம் உதுக்குள்ள இருந்து பாத்தவரோ எண்டு கேளுங்கோ” என்றார்.

நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருபதாயிரம் பேர் என்கிற எண் எல்லா இணையதளங்களிலும் இருக்கிறது. வேலை புத்தி, ஒரு சிஸ்டத்துக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாராவது சொன்னால் உடனே லோடு கணக்குப் போடத் தோன்றும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு லிட்டர் குடிதண்ணீர் என்று வைத்தாலும் 40,000 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் நாலாயிரம் வாளி. அந்த ஆழத்திலிருந்து ஒரு வாளி இழுக்க ஒரு நிமிடம் என்றால் 67 மணி நேரம். ஆக, குடிப்பதற்கு மட்டும் மூன்று கிணறுகளில் இரவுபகலாக ஆள் நின்று இழுக்கவேண்டும். மாடுகளுக்குத் தண்ணீர் தனி. கழிவு எங்கே போகும், எண்ணெய் விளக்குகளும் அடுப்பும் தின்னும் காற்று எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். சில நாட்கள் தாக்குப்பிடிக்கலாம். ஆறு மாதம் என்பது வேறு. இந்த எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதை யாரும் ஒரு வாழ்க்கையாக நினைத்துப் பார்த்துச் சொல்லவில்லை. வாய்பிளக்க வைப்பதற்காகச் சொல்கிற எண் இது.

அக்கா அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது உள்ளுக்க இருந்துதான் உருட்டலாமாம். அப்ப பிந்தி ஓடி வாற ஆளுக்கு ஆர் திறக்கிறது?”

அன்று முழுக்க வழிகாட்டி சொன்ன எதையும்விட இந்தக் கேள்விதான் அந்தக் கதவை எனக்கு விளக்கியது. அவர்கள் வீட்டு வளவிலும் பங்கர் இருந்ததாம். தென்னங்குத்தி அடுக்கி மேலே மண்மூட்டை. மழை வந்தால் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கும். பொம்மர் சத்தம் கேட்டால் இறங்கவேண்டும். “அம்மம்மா ஒருநாளும் வரேல்ல. நான் வீட்டுக்கயே சாகிறன் எண்டு திண்ணையில இருந்திடுவா.” மகன் இதை முதல் தடவை கேட்கிறவன்போல நின்றான்.

சுற்றுலாப் பிரதி இந்த நகரத்துக்குக் கொடுக்கிற காலவரிசை இது: ஹிட்டைட்டுகள் தோண்டத் தொடங்கியிருக்கலாம், அல்லது ஃப்ரிஜியர்கள். பிறகு ரோமானியர்களுக்குப் பயந்த ஆதிக் கிறிஸ்தவர்கள். பிறகு ஏழாம் நூற்றாண்டிலிருந்து அரபுப் படையெடுப்புகளுக்குப் பயந்த பைசாண்டியக் கிறிஸ்தவர்கள். அப்புறம் திரை இறங்கிவிடுகிறது. அடுத்த காட்சி 1963, கோழி.

முதல் பகுதியில் உள்ள ‘இருக்கலாம்’களைப் புரிந்துகொள்ள முடிகிறது. கட்டிடம் என்றால் செங்கல்லும் சாந்தும் மரமும் மிஞ்சும், காலத்தைக் கணிக்க ஏதாவது அகப்படும். பாறையைக் குடைவது என்பது எடுத்துப்போடுகிற வேலை. பின்னால் வந்தவன் அதே சுவரை இன்னும் கொஞ்சம் செதுக்கினால் முன்னால் வந்தவனின் உளித்தடமும் போய்விடும். அதனால் தொடக்கத்தைப் பற்றிய தயக்கம் நியாயமானது.

ஆனால் தயங்கவேண்டிய இடத்தில் தயங்காமல் ஸெனோஃபோனைக் கொண்டுவருகிறார்கள். ‘கி.மு. 400லேயே கிரேக்கத் தளபதி ஸெனோஃபோன் இந்த நகரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்’ என்பது இந்தப் பிரதியின் ஒரே இலக்கிய மேற்கோள். நல்ல விமர்சகன் செய்யவேண்டிய முதல் வேலை மேற்கோளைச் சரிபார்ப்பது என்பதால் அறைக்குத் திரும்பியதும் ‘அனபாஸிஸ்’ நூலைத் தேடினேன். நான்காம் புத்தகத்தில் அந்தப் பகுதி இருக்கிறது. நிலத்தடி வீடுகள், கிணற்று வாய்போல நுழைவு, கீழே அகன்ற இடம். மனிதர்கள் ஏணியில் இறங்குகிறார்கள், கால்நடைகளுக்குத் தனிப் பாதை. ஆடு, மாடு, கோழி எல்லாம் உள்ளே. மிதக்கும் வாற்கோதுமை மணிகளோடு ஒரு மது; அதை நாணல் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். அருமையான பக்கங்கள். ஆனால் அது ஆர்மேனியா. பனியில் சிக்கித் தவித்த படைக்கு அங்கே கிராமத்தார் அடைக்கலம் தருகிறார்கள். டெரின்குயுவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே. அவர் வருணிப்பதும் குளிர்காலத்து வீடுகளை, ஒளிந்துகொள்ளும் கோட்டைகளை அல்ல. அந்த மக்கள் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு மதுவும் ஊற்றுகிறார்கள். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சாட்சியை வேறு ஊரிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி அதே மண்ணில், கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைக் கூப்பிடுவதில்லை.

அந்தச் சாட்சியின் பெயர் ஆர். எம். டாக்கின்ஸ். ஆங்கிலேயர், கிரேக்க மொழி ஆய்வாளர். 1909க்கும் 1911க்கும் இடையில் கப்படோக்கியாவின் கிராமங்களுக்கு வந்து அங்குள்ள கிறிஸ்தவர்கள் பேசிய விசித்திரமான கிரேக்க வழக்கைப் பதிவுசெய்தார். துருக்கியத்தோடு இரண்டறக் கலந்துபோன கிரேக்கம் அது. இலக்கணமே துருக்கியத்தின் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக அவருடைய ‘மாடர்ன் கிரீக் இன் ஏஷியா மைனர்’ வந்தது. பெரும்பகுதி இலக்கணமும் நாட்டுப்புறக் கதைகளும்தான். டெரின்குயு அதில் மலகோபி என்ற பெயரில் வருகிறது. அக்ஸோ என்ற பக்கத்து ஊரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு தகவல் சொல்கிறார். 1909இல் அதானாவில் ஆர்மேனியர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் அக்ஸோ மக்களில் பெரும்பகுதியினர் நிலத்தடி அறைகளுக்குள் இறங்கிவிட்டார்கள். சில இரவுகள் மேலே படுக்கவே துணியவில்லை. அந்த அறைகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரையும் குறித்திருக்கிறார்: ‘கதாஃபிகியா’. புகலிடங்கள்.

1909. அப்போது இந்தியாவில் மின்விளக்கும் ரயிலும் வந்தாகிவிட்டது. புதுச்சேரியில் பாரதி ‘இந்தியா’ பத்திரிகை நடத்திக்கொண்டிருக்கிறார். அந்த வருடத்தில் இந்த மக்களுக்குத் தங்கள் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது, எந்த வழியாக இறங்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பாட்டி சொன்ன பழங்கதையாகக்கூட அல்ல, நாளைக்கு ராத்திரி தேவைப்படலாம் என்ற மாதிரித் தெரிந்திருக்கிறது.

பிறகு எப்படி 1963இல் அதைக் கோழி கண்டுபிடிக்கவேண்டி வந்தது?

கிரீன் டூர் சொல்லாமல் தாண்டுகிற அந்த இடைவெளிக்கு ஒரு தேதி உண்டு. 1923 ஜனவரி 30. லோசானில் கிரீஸும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. துருக்கியிலுள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸிலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. ஏற்கெனவே போரில் ஓடிப்போனவர்களையும் சேர்த்துச் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். யாரையும் கேட்கவில்லை. அளவுகோல் மதம் மட்டும்தான். மொழி ஒரு பொருட்டே இல்லை. கப்படோக்கியாவின் கிறிஸ்தவர்களில் பலருக்குத் தாய்மொழியே துருக்கியம். அதைக் கிரேக்க எழுத்தில் எழுதுவார்கள். அரபுத்தமிழ் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், அங்கே தமிழுக்கு அரபு எழுத்துபோல இங்கே துருக்கியத்துக்குக் கிரேக்க எழுத்து. கிரேக்கம் ஒரு வார்த்தை தெரியாதவர்கள் ‘கிரேக்கர்கள்’ என்று கப்பலேற்றப்பட்டார்கள். மலகோபியின் மக்களும் போனார்கள். மறுபக்கம் கிரீஸிலிருந்து வந்த முஸ்லிம்கள் இந்த வட்டாரத்து ஊர்களின் காலி வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களும் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள்தான். வந்த வீட்டின் எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது நன்றாகப் பழகிய கதை. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். டாக்குமென்டேஷன் கிடையாது. புதிதாக வந்த பையன் ஒருநாள் ஏதோ பிழையைத் தேடிப்போய் ஒரு மாட்யூலைத் ‘கண்டுபிடிப்பான்’. இதை எவன் எழுதினான், ஏன் எழுதினான், ஒருவேளை ஏலியனா என்று டீம் முழுக்கச் சிரிப்பார்கள். எழுதியவர் பக்கத்துத் தெரு கம்பெனியில் உயிரோடு இருப்பார். போன் நம்பர்கூட யாரிடமாவது இருக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். டெரின்குயுவுக்கும் யூட்யூபில் ஏலியன் விளக்கம் உண்டு, சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் சாட்சி கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. நிலத்தடி நகரத்தின் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் பெரிய கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1858இல், சுல்தான் அப்துல்மெஜித் காலத்தில் கட்டியது. வேன் நிறுத்தத்திலிருந்து பார்த்தாலே தெரியும். நிலத்துக்கு மேலே, பகல் வெளிச்சத்தில், ஊர்ப் பணத்தில் அவ்வளவு பெரிய கோவில் கட்டிய மக்கள் யார், எங்கே போனார்கள் என்று எங்கள் 15 பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்பட. கழிப்பறைக்கு எவ்வளவு லிரா என்றுதான் கேட்டேன்.

மதியம் இஹ்லாரா. மெலெண்டிஸ் ஆறு எரிமலைப் பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு, சுமார் 14 கிலோமீட்டர் நீளம். மேலே வெறும் மஞ்சள் சமவெளி. விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும்வரை கீழே ஒரு ஆறு இருப்பதே தெரியாது. முந்நூற்றுச் சொச்சம் படி இறங்கினால் வேறு உலகம்: பாப்லர் மரங்கள், வில்லோ, தண்ணீர்ச் சத்தம், இரண்டு பக்கமும் நூறு மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர். சுவர் முழுக்கக் குடைந்த கோவில்கள். படி முடிகிற இடத்தில் ‘மரத்தடிக் கோவில்’ என்று பெயர் வைத்திருக்கும் ஒன்றின் கூரையில் ஓவியங்கள் இன்னும் நிறம் மங்காமல் இருக்கின்றன. கைக்கெட்டும் உயரத்தில் எல்லா முகங்களும் சுரண்டப்பட்டிருக்கின்றன. அதன்மேல் எல்லாக் காலத்து ஆட்களும் பெயர் கீறியிருக்கிறார்கள், கிரேக்க எழுத்திலும்கூட. எங்கே போனாலும் ‘குமார் லவ்ஸ் ப்ரியா’ உண்டு என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

இந்த நடை பற்றிக் குறைசொல்ல எதுவும் இல்லை. மொத்தச் சுற்றுலாவிலும் வழிகாட்டி பேசாமல் வந்த மூன்று நான்கு கிலோமீட்டர் இதுதான். அதுவே காரணமாக இருக்கலாம்.

பெலிசிர்மா கிராமத்தில் ஆற்றின்மேல் மேடை போட்டுச் சாப்பாடு. அங்கே வழிகாட்டியிடம் 1923 பற்றிக் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த ஊர்க்காரர்கள் கிரீஸில் எங்கே குடியேறினார்கள் என்பது உட்பட. பக்கத்து ஊரான குஸெல்யுர்ட்டின் பழைய பெயர் கர்வாலி. அங்கிருந்து போனவர்கள் புனித கிரெகரியின் எலும்புகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் கிரீஸில் நேயா கர்வாலி என்று புது ஊரே அமைத்துக்கொண்டார்கள் என்று அவர்தான் சொன்னார். அவர்கள் விட்டுவந்த கோவில் இப்போது மசூதி. பிறகு ஏன் இதையெல்லாம் கீழே சொல்லவில்லை என்றேன். “முதல் சீசனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொன்னதும் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். அப்புறம் சாப்பாட்டு நேரம் வரை யாரும் படம் எடுப்பதில்லை” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விடுமுறைக்கு வந்திருக்கிற 15 பேரின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

ஆனால் அவருடைய பிரதியின் மேல் என் குற்றச்சாட்டு இருக்கவே செய்கிறது. அது விடுபடல் மட்டும் கிடையாது. ‘பயந்து ஒளிந்த கிறிஸ்தவர்கள், விரட்டி வந்த முஸ்லிம்கள்’ என்ற ஒற்றை வரிக் கதையை அது பின்னே விட்டுச்செல்கிறது. நாங்கள் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அருகிலேயே, கொஞ்சம் மலையேறினால், கிர்க் தமால்தி என்ற கோவில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள். அதன் சுவரில் புனித ஜார்ஜுக்கு இரண்டு பக்கமும் கோவிலுக்குப் பொருள் கொடுத்த தம்பதி. மனைவி தாமர் கையில் கோவிலின் சிறு மாதிரியை ஏந்தியிருக்கிறாள். கணவன் பஸிலியோஸ், தலையில் தலைப்பாகை, உடம்பில் கஃப்தான். பார்த்தால் செல்ஜுக் பிரபு. கல்வெட்டுபோல எழுதியிருக்கும் வாசகத்தில் கான்ஸ்டான்டிநோபிளின் பேரரசர் ஆன்ட்ரோனிகோஸின் பெயரும் இருக்கிறது, அந்த மண்ணை ஆண்ட முஸ்லிம் சுல்தான் மசூதின் பெயரும் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய கிறிஸ்தவர் ஒருவர் சுல்தானின் பெயரைக் கோவில் சுவரில் மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொன்னால் யாரும் அமைதியாகிவிட மாட்டார்கள், இன்னும் நிறையப் படம்தான் எடுப்பார்கள். ஆனால் எங்கள் வேன் அங்கே நிற்கவில்லை. செலிமேக்கு நேரமாகிவிட்டது.

செலிமே பிரம்மாண்டமான பாறை மடாலயம். சமையலறையின் புகைக்கூண்டு மட்டும் ஒரு கோபுரம் அளவுக்கு இருக்கும். அங்கே வழிகாட்டி சொன்னது: ‘ஸ்டார் வார்ஸ்’ படம் இங்கேதான் எடுப்பதாக இருந்தது. அந்தப் பாலைவனக் காட்சிகள் துனிசியாவில் எடுக்கப்பட்டவை, கூகிள் பண்ணினால் ஒரு நிமிடம். இருந்தாலும் கூட்டத்தில் அதற்குத்தான் பெரிய ‘ஓ’.

சினிமாதான் வேண்டுமென்றால் உண்மையானவையே இருக்கின்றன. பசோலினி தன் ‘மெடியா’வை கொரெமே பாறைகளுக்கிடையில் மரியா காலஸை வைத்து எடுத்தார். படம் வந்தது 1969. டெரின்குயு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டதும் அதே வருடம். நம்மில் பலருக்கு இந்த நிலம் அறிமுகமானது நூரி பில்கே ஜெலானின் ‘வின்டர் ஸ்லீப்’ மூலமாகத்தான், குகை ஹோட்டலும் பனியும் முடிவில்லாத பேச்சும். ஆனால் நான் சுற்றிச் சுற்றி வருவது 1963இடம். டெரின்குயுவில் அந்தச் சுவர் இடிபட்ட அதே வருடம் எலியா கஸானின் ‘அமெரிக்கா அமெரிக்கா’ வெளிவருகிறது. கஸானின் குடும்பம் கைசேரியைச் சேர்ந்த கிரேக்கக் குடும்பம். சுற்றுலாப் பயணிகள் பலர் இன்று விமானத்தில் வந்து இறங்குகிற அதே கைசேரி. அதே 1963இல் நோபல் பரிசு ஸெஃபெரிஸுக்கு. ஸ்மிர்னா பக்கத்து ஊர்லாவில் பிறந்து அந்த ஊரை இழந்தவர். பிறகு அங்காராவில் கிரேக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தபோது இங்கே வந்து, கப்படோக்கியாவின் மடாலயங்களில் கழித்த மூன்று நாட்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்த மக்கள் எங்கேயும் காணாமல் போயிருக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டும் கவிதை எழுதிக்கொண்டும்தான் இருந்தார்கள்.

அவர்களுடைய மொழிக்கும் இதே கதிதான். டாக்கின்ஸ் பதிவுசெய்த அந்தக் கப்படோக்கியக் கிரேக்கம் கிரீஸுக்குப் போனதும் கேலிக்கு ஆளாகி, 1960களில் செத்துவிட்டதாகவே அறிஞர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். 2005இல் மார்க் யான்சே, டிமிட்ரிஸ் பாபஸக்காரியு என்ற இரண்டு மொழியியலாளர்கள் வடக்கு, மத்திய கிரீஸின் ஊர்களில் அதைப் பேசுகிறவர்களைக் ‘கண்டுபிடித்தார்கள்’. மிஸ்தி என்ற கப்படோக்கிய ஊரிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். எண்பது வருடமாக வீட்டுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இந்தத் தடவை கோழி தேவைப்படவில்லை, காதுகொடுத்துக் கேட்டாலே போதுமாக இருந்தது. மொழியியலாளர்களை நான் குறைசொல்லவில்லை, அவர்களாவது போய்க் கதவைத் தட்டினார்கள்.

கிரீன் டூரில் பாக்கி இருந்தது புறாப் பள்ளத்தாக்கும் கல் நகைக் கடையும். புறாக்கூடுகளுக்காகப் பாறையில் வெட்டிய சின்னச் சின்னப் பொந்துகளைத் தூரத்திலிருந்து பார்த்தோம். எச்சத்தைத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவார்களாம். குடைந்த அறைகளை இங்கே இன்றைக்கும் கிட்டங்கியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வழிகாட்டி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒர்தாஹிஸாரின் குகைகளில் தெற்குக் கடற்கரையிலிருந்து வரும் எலுமிச்சம்பழத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள், உருளைக்கிழங்கும் வைக்கிறார்கள். வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி. அன்றைய நாளின் மிக நம்பத்தகுந்த வாக்கியம் அதுதான், அதற்குப் படம் எடுக்கத்தான் யாரும் இல்லை. நகைக் கடையில் அக்கா ஒரு நீலக் கண்திருஷ்டி மணி வாங்கினார். பேரம் பேசி மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு டாக்கின்ஸின் புத்தகத்தை இணையத்தில் பிடித்தேன், காப்புரிமை முடிந்த பழைய நூல். அக்ஸோ பற்றிய அந்த இடத்தைப் படித்ததும் அக்காவின் ஞாபகம் வந்தது. தமிழில் நான்கு வரியாக எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

“ராவில மட்டும்தானே தம்பி உள்ளுக்க படுத்தவை. அப்ப பகல்ல மேல வந்து சமைச்சிருப்பினம், என்ன? எங்கட அம்மாவும் அப்பிடித்தான். விடியப்புறம் வெளியால வந்து சோத்தை வடிச்சு, கோழியளுக்கும் தீன் போட்டுட்டுத்தான் திரும்ப இறங்கிறவ.”